மருளும் நாயும் மேயும் மந்தையும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் நடந்துசெல்லும் உரிமை பெற்ற வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். அவற்றுள் மிகப் பல தனியார் பண்ணைகளின் மேய்ச்சல் நிலங்களைக் குறுக்காகக் கடந்தே செல்கின்றன. நிலம் உழவருக்கும் அதன் மீது செல்லும் வழி ஊராருக்கும் உரியதாக அமைந்த இந்த ஏற்பாட்டில், நாயுடன் நடப்பவர் ஒரு வேலிக்கதவைத் திறந்த உடனே செம்மறிகளோ மாடுகளோ மேயும் இடத்துக்குள் நுழைந்துவிடுகிறார். மேய்ப்பவர் என்று ஒருவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. எதற்கும் பதறாத நாயோடு செல்பவருக்கே கவனம் தேவைப்படும் இச்சூழலில், ஓசைக்கும் அசைவுக்கும் பழகாத உருவங்களுக்கும் எளிதில் கலங்கிவிடும் நாயோடு செல்பவர் எவ்வாறு வழியைத் தேர்ந்து, எவ்வாறு ஆயத்தமாகி, எவ்வாறு கடந்துசெல்ல வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது. நாய், ஆடு, மாடு ஆகிய மூன்றுக்குமே இத்தகைய சந்திப்பில் வேண்டியது போதிய இடைவெளிதான் என்பதும், அந்த இடைவெளியை முன்கூட்டியே தேடிக்கொடுப்பது நடப்பவரின் பொறுப்பு என்பதும் இங்கே கூறப்படும் எல்லா அறிவுரைகளுக்கும் அடிப்படை.

மருளும் நாயின் இயல்பு

மருளும் நாய் என்று இங்கே குறிக்கப்படுவது ஒரே தன்மையுடைய நாய் அன்று. பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டு அல்லது பதினான்கு வாரம் வரை நீளும் பழகுபருவத்தில், அதாவது குட்டி புதியனவற்றைப் பேரச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் காலத்தில், ஆடுமாடுகளைக் காணாமலே நகரத்தில் வளர்ந்துவிட்ட நாய் இவ்வகையில் அடங்கும். அயல்நாட்டுத் தெருக்களிலிருந்து மீட்கப்பட்டுப் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட நாயும், மற்றபடி துணிவாக இருந்து வெடியோசைக்கு மட்டும் நடுங்கும் நாயும் அடங்கும். இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று மருளத் தொடங்கினால் அதைப் பயிற்சிக் குறைவாகக் கருதாமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; மூட்டுவலி, காதுவலி போன்ற உடல்நோவுகள் அச்சமாக வெளிப்படுவது அரிதன்று.

அஞ்சும் நாய் ஆட்டைத் துரத்தாது என்ற பரவலான நம்பிக்கை பெருந்தவறு. ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் நாய்களின் வேட்டை நடத்தையைத் திரும்பிப் பார்த்தல், உற்றுநோக்குதல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்று ஒன்றையொன்று தூண்டிச் செல்லும் படிவரிசையாக விளக்கினர். பார்டர் கோலி போன்ற மந்தை ஓட்டும் இனங்களில் இதன் முற்பகுதி தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் கூர்மையாக்கப்பட்டும் பிற்பகுதி அடக்கப்பட்டும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த வரிசையை இயக்கிவிடும் தூண்டுதல் பெரும்பாலும் ஓடும் உருவம் என்பதே. ஓர் ஓசைக்கு மருண்ட நாய் பிடியிலிருந்து விடுபட்டுத் தப்பியோடுகையில் வழியில் நிற்கும் செம்மறிகள் அதைக் கண்டு சிதறுகின்றன. சிதறும் ஆடுகளைக் கண்ட நாயின் ஓட்டம், தப்பிக்கும் ஓட்டமாகத் தொடங்கியது, துரத்தும் ஓட்டமாக மாறிவிடக்கூடும். நாயின் மனத்தில் பகை இருந்ததா என்பது மிதிபட்டுக் கிடக்கும் ஆட்டுக்கோ அதன் உரிமையாளருக்கோ ஒரு பொருட்டன்று.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பொறுதி எல்லை உண்டு. அச்சம் தரும் பொருளைக் கண்ட பின்னும் உணவை ஏற்று, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது தன்வசத்தில் இருக்கும் மிகக் குறைந்த தொலைவையே அச்சொல் இங்கே குறிக்கிறது. இந்தத் தொலைவு நாளுக்கு நாள் மாறும். காரில் நெடுநேரம் வந்த களைப்பு, வழியில் குரைத்த வேறொரு நாய், தாழப் பறந்த விமானம் என்று சிறு அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, நேற்று ஐம்பது அடியில் ஆடுகளை அமைதியாகப் பார்த்த நாய் இன்று இருநூறு அடியிலேயே தளர்ந்துவிடலாம். எல்லை நெருங்குவதை நாயின் உடலே முன்னறிவிக்கும்: உணவு இல்லாதபோதும் நாவால் மூக்கை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்பகுதி தெரியுமாறு ஓரக்கண்ணால் பார்த்தல், வெயிலில்லாமல் இரைத்தல், வாலை ஒடுக்குதல், விரும்பும் தின்பண்டத்தை மறுத்தல் ஆகியவை அடுத்தடுத்து வரும் அடையாளங்கள். தின்பண்டத்தை மறுப்பது இவற்றுள் மிகத் தெளிவானது. அந்த நிலையில் கற்பித்தல் எதுவும் நடைபெறாது என்பதால், வந்த வழியே திரும்புவது ஒன்றுதான் செய்யத்தக்கது.

மந்தை நாயைக் காணும் முறை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நாயும் பசுவும் ஒரே தெருவில் திரிந்து ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் படுத்திருப்பதைக் கண்டு வளர்ந்தவருக்குப் பிரிட்டனின் மாடுகள் வேறொரு வகையாகத் தோன்றக்கூடும். அங்கே மாடுகள் பெரும்பாலும் குளிர்காலம் முழுவதும் கொட்டிலுக்குள் வைக்கப்பட்டு ஏப்ரல், மே மாதங்களில்தான் புல்வெளிக்கு விடப்படுகின்றன. பண்ணை நாய் ஒன்றிரண்டைத் தவிர வேறு நாய்களோடு அவற்றுக்குப் பழக்கம் இல்லை. அறிமுகமற்ற நாய் அவற்றின் கண்ணில் ஓநாய்க்கு நெருங்கிய உருவமாகவே படுகிறது.

செம்மறியின் தற்காப்பு ஓட்டம் ஒன்றே. மேயும் விலங்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு விலகு எல்லை இருப்பதையும், அதற்குள் பிற உயிர் நுழைந்தால் விலங்கு நகர்ந்துவிடும் என்பதையும், அதன் தோளுக்கு முன்னின்று வருவதா பின்னின்று வருவதா என்பதைப் பொறுத்து அது நகரும் திசை மாறும் என்பதையும் அமெரிக்கக் கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின் பரவலாக அறியச் செய்தார். மனிதர் தனியே வரும்போது சுருங்கியிருக்கும் இந்த எல்லை நாய் உடன்வரும்போது பன்மடங்கு விரிகிறது. நாய் தொடாமலே ஆடு இறக்கலாம் என்பதை நகர வாசகர் குறிப்பாக உணர வேண்டும். ஏறத்தாழ 147 நாள் சினைக்காலத்தின் பிற்பகுதியில் துரத்தப்பட்ட ஆடு கருச்சிதைவுறுகிறது. இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் ஆட்டுக்கு அதிர்ச்சியும் தீனி தடைப்படுவதும் சேர்ந்து உடலின் ஆற்றல் இருப்பைக் குலைத்து உயிர்க்கொல்லியான சினைநச்சு நோயை உண்டாக்குகின்றன. மூலையில் ஒடுங்கிய மந்தையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சடைத்துச் சாவதும் உண்டு. ஈன்ற சில மணி நேரத்துக்குள் தாயும் குட்டியும் பிரிந்துவிட்டால் ஒன்றையொன்று அடையாளம் கொள்ளும் பிணைப்பு அறுந்து, குட்டி பாலின்றிக் கிடக்கும். தாழ்நிலப் பண்ணைகளில் சனவரி முதற்கொண்டும், குளிர் நீடிக்கும் மலைப்பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஆடுகள் ஈனுகின்றன. ஆட்டின் விலாவிலும் அதன் குட்டிகளின் விலாவிலும் ஒரே எண் சாயத்தால் எழுதப்பட்டிருந்தால், அவை அண்மையில்தான் வெளியே விடப்பட்டன என்றும் உழவர் தாயையும் குட்டியையும் இணைத்துக் கவனித்து வருகிறார் என்றும் பொருள். அந்த நிலத்தைத் தவிர்ப்பதே முறை.

ஏரி மாவட்டத்தின் ஹெர்ட்விக், யார்க்‌ஷயர் டேல்சின் ஸ்வேல்டேல் போன்ற மலையினச் செம்மறிகள் தொடர்பாக இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. வேலியில்லாத மலைமேட்டில் தனக்குரிய மேய்ச்சற்பகுதி எது என்பதைப் பெட்டையாடு தன் தாயிடமிருந்து கற்று, தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. 'ஹெஃப்டிங்' எனப்படும் இந்த அறிவு தலைமுறைகளாக மந்தைக்குள்ளேயே வழிவழி வருவது. 2001ஆம் ஆண்டின் கோமாரி நோயால் இத்தகைய மந்தைகள் சில அழிக்கப்பட்டபோது, விலைகொடுத்து வாங்கிய புதிய ஆடுகளைக் கொண்டு அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்ய முடியவில்லை. ஆளரவமற்ற மலை, ஆடுகள் எங்கோ புள்ளிகளாகத் தெரிகின்றன, எனவே நாயை அவிழ்த்துவிடலாம் என்று எண்ணுபவர், அந்தப் புள்ளிகள் அங்கே நிற்பதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு இருப்பதை அறிந்தால் அவ்வாறு செய்யமாட்டார்.

மாட்டின் இயல்பு வேறு. அது ஓடவும் செய்யும், எதிர்த்து வரவும் செய்யும். கிடாரிகளும் காயடிக்கப்பட்ட இளங்காளைகளும் கூட்டமாக ஓடிவந்து சூழ்வது பெரும்பாலும் ஆவலால். எனினும் ஐந்நூறு கிலோ எடையுள்ள ஆவல் மருளும் நாய்க்குப் பேரிடராகவே தோன்றும், மனிதரையும் கீழே தள்ளிவிடும். கன்றைத் தாயுடனே விட்டு வளர்க்கும் இறைச்சியின மந்தை இதனினும் மிகக் கடுமையானது. பிரிட்டனின் பணிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு ஆராய்ந்தவற்றுள், பொதுவழியில் நடந்தவர் மாடு தாக்கி உயிரிழந்த நிகழ்வுகளில் கன்றுடன் இருந்த பசுவும் நாயுடன் வந்த மனிதரும் என்ற இணைவே திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பார்வையற்றவரும் முன்னாள் உள்துறை அமைச்சருமான டேவிட் பிளங்கெட் 2009 சூன் மாதத்தில் பீக் மாவட்டத்தில் தம் வழிகாட்டி நாயுடன் நடந்தபோது பசு ஒன்று தாக்கி விலா எலும்பு முறிந்தது. வழிகாட்டி நாய்கள் மிக உயர்ந்த பயிற்சி பெற்றவை. ஆகவே கன்றுள்ள பசு எதிர்வினை காட்டுவது நாயின் குறும்புக்கன்று, நாய் அங்கே இருப்பதற்கே என்பது இந்நிகழ்வால் விளங்கும். நாயை நன்கு பழக்கியுள்ளோம் என்ற நிறைவு கன்றுகள் நிற்கும் வெளியில் எவ்விதப் பாதுகாப்பும் தராது.

பொலிகாளை பற்றிய அச்சம் பரவலாக இருப்பினும் சட்டம் அதை ஓரளவு குறைத்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்இனப் பொலிகாளையைப் பொதுவழி கடக்கும் நிலத்தில் விடலாகாது. பிற இனப் பொலிகாளையைப் பசுக்களோடோ கிடாரிகளோடோ சேர்த்துத்தான் விடலாம். குதிரைகளைப் பொறுத்தவரை, உணவை எதிர்பார்த்து நெருங்கிவரும் பழக்கமும் குட்டியுள்ள பெட்டைக் குதிரையின் சீற்றமும் மட்டும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

சட்டத்தின் எல்லை

1953ஆம் ஆண்டின் கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்கும் சட்டம், கால்நடையைத் தாக்குவதை மட்டுமன்றி, காயமோ கருச்சிதைவோ நேரக்கூடிய வகையில் துரத்துவதையும், செம்மறிகள் இருக்கும் வேலியிட்ட நிலத்தில் நாயைப் பிடிவாரின்றியும் நெருங்கிய கட்டுப்பாடின்றியும் விடுவதையும் குற்றமாக வகுக்கிறது. ஆகவே நாய் ஓர் ஆட்டையும் நெருங்காத நிலையிலும் குற்றம் நிகழ்ந்திருக்கலாம். 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற அணுக்கம் மற்றும் வழியுரிமைச் சட்டம், மலை, புதர்வெளி, பதிவுபெற்ற ஊர்ப் பொதுநிலம் முதலிய திறந்தவெளிகளில் எவரும் விரும்பிய திசையில் நடக்கும் உரிமையை அளித்ததோடு, அங்கே மார்ச்சு 1 முதல் சூலை 31 வரையிலும், கால்நடைகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும், நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்வழி நடக்கும் உரிமை மேலும் விரிவானது; ஆயினும் குட்டிகளோ கன்றுகளோ உள்ள நிலத்துக்குள் நாயைக் கொண்டுசெல்லலாகாது என்று அதன் நடத்தை விதித்தொகுப்பு கூறுகிறது. அங்கே 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கால்நடைகளை அலைக்கழித்த நாயின் உரிமையாளருக்குரிய உச்ச அபராதத்தை 40,000 பவுண்டாகவும் உச்ச சிறைத்தண்டனையை ஓராண்டாகவும் உயர்த்தியது.

இங்கிலாந்திலும் வேல்சிலும், கால்நடையை அலைக்கழிக்கும் நாயைத் தடுக்க வேறு தக்க வழி இல்லாத நிலையில் சுட்டுக்கொன்ற உழவருக்கு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அறிவித்தல் உள்ளிட்ட நிபந்தனைகளோடு, 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் உரிமையியல் வழக்கில் தற்காப்பு அளிக்கிறது. மருளும் நாயை வளர்ப்பவர் இந்த ஒரு விதியை மறவாமல் இருப்பது நல்லது. தொலைவிலிருந்து பார்க்கும் உழவருக்கு அச்சத்தால் ஓடும் நாய்க்கும் வேட்டைக்கு ஓடும் நாய்க்கும் வேறுபாடு தெரியாது.

வழியைத் தேர்தல்

நடையின் வெற்றி தோல்வியில் பெரும்பகுதி வீட்டில் நிலப்படத்தின் முன் அமர்ந்திருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் நிலப்படங்களில் 1:25,000 அளவுடைய 'எக்ஸ்ப்ளோரர்' வரிசையே இதற்கு ஏற்றது. 1:50,000 அளவுடைய 'லேண்ட்ரேஞ்சர்' வரிசையில் காட்டப்படாத வயல் எல்லைகள், அதாவது வேலி, கல்மதில், உயிர்வேலி ஆகியவை ஓடும் கோடுகள், முன்னதில் காட்டப்படுகின்றன. நடைவழி பச்சை நிறச் சிறுகோடுகளாலும், குதிரையிலும் செல்லத்தக்க வழி பச்சை நிற நெடுங்கோடுகளாலும், திறந்தவெளி மஞ்சள் சாயலாலும் குறிக்கப்பட்டிருக்கும். வழி ஒரு வயலின் நடுவே செல்கிறதா, ஓரமாகச் செல்கிறதா, இரு மதில்களுக்கிடையே குறுகிச் செல்கிறதா என்பதை இக்கோடுகளிலிருந்தே அறியலாம். வயல் பெரிதாகவும், இடையில் விலகிச்செல்ல இரண்டாவது கதவோ வேறொரு வழியோ உள்ளதாகவும் இருந்தால், மந்தை நின்றாலும் இடைவெளி கிடைக்கும். மதில்களுக்கிடையே செல்லும் ஒடுங்கிய பாதை அமைதியானதாகத் தோன்றினும், எதிரே ஓட்டிவரப்படும் மந்தையைச் சந்திக்க நேர்ந்தால் ஒதுங்க இடமிராது. தோப்பு, ஆற்றங்கரை, கால்வாயோர நடைவழி, பயிர்நிலம் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு, மேய்ச்சல் நிலம் ஒன்றோ இரண்டோ மட்டும் குறுக்கிடுமாறும், அவற்றையும் தவிர்க்கும் மாற்றுவழி அருகிலேயே இருக்குமாறும் சுற்றை அமைப்பது தொடக்கநிலை நாய்க்கு ஏற்றது.

வேலிகளைக் கடக்கும் அமைப்புகளும் கணக்கில் கொள்ளத்தக்கவை. வேலியின் இருபுறமும் படிவைத்து மனிதர் ஏறியிறங்குவதற்காக அமைக்கப்படும் வேலிப்படியை எல்லா நாய்களும் ஏறமாட்டா. தூக்கிக் கடத்தப்படுவதை அஞ்சும் பெரிய நாயோடு அத்தகைய படிக்கு முன்னால் நிற்கையில் பின்னாலிருந்து கிடாரிகள் நெருங்கினால் நிலைமை விரைவில் கைமீறும். மாடுகள் வெளியேறாதவாறு சாலையில் இரும்புத் தண்டுகளை இடைவெளிவிட்டுப் பதித்த பள்ளத்தில் நாயின் கால் சிக்கி முறியக்கூடும் என்பதால், பக்கத்திலுள்ள சிறுகதவையே பயன்படுத்த வேண்டும்.

மருளும் நாய்க்கு மின்வேலியைப் போல நெடுங்காலத் தீங்கு செய்யும் பொருள் நாட்டுப்புறத்தில் வேறில்லை எனலாம். சில ஆயிரம் வோல்ட் அழுத்தமுள்ள, உயிருக்கு ஊறு செய்யாத நுண்மின்னோட்டம் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை அதில் துடிப்பாகப் பாய்கிறது. ஈர மூக்கால் அதைத் தொட்ட நாய், வலியை வேலியோடு இணைத்துப் புரிந்துகொள்வதில்லை. அந்தக் கணத்தில் தன் கண்முன் நின்ற ஆட்டோடோ, அருகில் நின்ற உரிமையாளரோடோ, அந்த வயலோடோ இணைத்துக்கொள்கிறது. ஆகவே வெண்ணிற நாடாவோ மெல்லிய கம்பியோ கண்ணில் பட்டவுடனும், 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டவுடனும் நாயை வேலியிலிருந்து விலகிய பக்கத்தில், நடப்பவர் இடையில் வருமாறு நடத்த வேண்டும். ஆட்டைக் கண்டால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை மாட்டி நாயைத் திருத்தலாம் என்று கூறப்படும் முறையை ஏற்க முடியாததற்கும் காரணம் இதுவே: அது அச்சத்தை நீக்காமல் அச்சத்தின் இலக்கை மட்டும் தாறுமாறாக மாற்றிவிடுகிறது. வேல்சில் இத்தகைய பட்டைகள் 2010ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

ஓசைக்கு மருளும் நாயை அழைத்துச்செல்பவர் பருவங்களையும் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் குரவுஸ் எனும் புதர்க்கோழி வேட்டை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரையிலும், ஃபெசன்ட் வேட்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரையிலும் நடைபெறுகின்றன. விதைப்புக்குப் பிந்தைய பயிர்நிலங்களில் பறவைகளை விரட்டும் எரிவாயு வெடிக்கருவி எதிர்பாராத இடைவெளிகளில் முழங்கும். வேல்சின் மலைப்பள்ளத்தாக்குகளிலும் ஏரி மாவட்டத்திலும் போர்விமானங்கள் மிகத் தாழப் பறந்து பயிற்சி செய்கின்றன. வெடியோசையும் மந்தையும் ஒரே வழியில் சேரக்கூடிய நாளில் அந்த வழியை விட்டுவிடுவதே தகும்.

கச்சையும் வாரும் பயிற்சியும்

அச்சத்தில் பின்வாங்கும் நாய் தலையைக் குனிந்து கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிவிடும் என்பதால், பிடிவாரை மார்புக் கச்சையில், அதாவது மார்பையும் விலாவையும் சுற்றி அமையும் பட்டைத் தொகுதியில், இணைப்பதே பாதுகாப்பு. இருமுனைக் கொக்கியுள்ள வாரின் ஒரு முனையைக் கச்சையிலும் மறுமுனையைக் கழுத்துப்பட்டையிலும் மாட்டினால் ஒன்று நழுவினாலும் மற்றது நிற்கும். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் சுருள்வார் இங்கே உதவாது; கைநழுவிய அதன் கைப்பிடி தரையில் தடதடவென்று இழுபட்டு நாயைத் துரத்திக்கொண்டே போகும். பத்து மீட்டர் நெடுவார் கால்நடையற்ற திறந்தவெளியில் நாய்க்கு விடுதலையுணர்வு தரும். மந்தை கண்ணில் பட்டதும் அதை இரண்டு மீட்டருக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பெயரும் முகவரியும் பொறித்த பட்டையைப் பொதுவிடத்தில் நாய் அணிந்திருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் ஆணை. தொலைபேசி எண்ணையும் சேர்ப்பது, தொலைந்த நாய் திரும்பிவர வேறெதையும்விட உதவும்.

பயிற்சி என்பது பொறுதி எல்லைக்கு வெளியே நின்று மெல்ல மெல்லப் பழக்குவது. மந்தை இல்லாத பக்கத்தில், வேலிக்கு அப்பால், நாய் ஆடுகளைக் கண்டும் உண்ணத்தக்க தொலைவில் நின்று, அது ஆட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு உணவு தர வேண்டும். உணவு கிடைத்தவுடன் நாய் உரிமையாளரை நோக்கித் திரும்பும். லெஸ்லி மெக்டெவிட் 2007இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக விளக்கினார். பார்ப்பதைத் தடுக்காமல் பார்ப்பதையே பணியாக்கிக் கொடுப்பது இதன் நுட்பம். ஆட்டைக் கண்டால் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று வற்புறுத்தப்படும் நாய், எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆபத்தை முதுகில் சுமந்து நடக்கிறது. சில நிமிடங்களில் முடித்துக்கொண்டு, நாய் இன்னும் தளராதபோதே விலகிவிட வேண்டும். அடுத்த முறை தொலைவைச் சற்றுக் குறைக்கலாம், குறைக்காமலும் இருக்கலாம். சில நாய்கள் வாழ்நாள் முழுவதும் நூறு மீட்டருக்குள் வரமாட்டா. அவற்றுக்கு நூறு மீட்டர் கிடைக்கும் வழிகளைத் தேடிக்கொடுப்பதும் நிறைவான பராமரிப்புதான்.

வயலுக்குள்

கதவைத் திறப்பதற்கு முன் நின்று பார்ப்பது கட்டாயம். மேட்டுக்கு அப்பால், மர நிழலில், நீர்த்தொட்டி அருகில் படுத்திருக்கும் விலங்குகள் முதற்பார்வையில் தெரியா. மந்தை எங்கே நிற்கிறது, கன்று அல்லது குட்டி உண்டா, எதிர்ப்புறக் கதவு எவ்வளவு தொலைவில் உள்ளது, இடையில் தாண்டத்தக்க மதிலோ மரமோ உண்டா என்பவற்றுக்கு விடை கிடைத்த பின்பே நுழைய வேண்டும். கன்றுகள் இருந்தால் நுழையாதிருப்பதே இந்நூலின் அறிவுரை. வழியுரிமை இருக்கிறது என்பது அதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று பொருள்படாது.

நுழைந்த பின் ஒரே சீராக, ஓசையின்றி, மந்தையை நேராக நோக்காமல் நடக்க வேண்டும். தாயும் கன்றும் நிற்கும் இடத்துக்கிடையே ஒருபோதும் செல்லலாகாது. செம்மறிகள் மேய்வதை நிறுத்தித் தலைதூக்கினால் அவற்றின் விலகு எல்லை தொடப்பட்டுவிட்டது என்று அறிந்து வளைந்து செல்ல வேண்டும். அவற்றை வேலி மூலையை நோக்கித் தள்ளும் திசையில் நடப்பதைத் தவிர்த்து, அவை திறந்த பக்கம் நகர இடம்விட வேண்டும். மாடுகள் பின்தொடர்ந்தால் ஓடுதல் கூடாது. அமைதியாகத் திரும்பி நின்று, கைகளை விரித்து உருவத்தைப் பெரிதாக்கி, உறுதியான குரலில் ஒலியெழுப்பினால் இளமாடுகள் பெரும்பாலும் நின்றுவிடும். தலையைத் தாழ்த்தி, மூச்சைச் சீறி, முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும் பசு ஆவலால் நிற்கவில்லை; அதனிடமிருந்து முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் விலகிக் கதவை அடைய முயல வேண்டும்.

மாடுகள் பாய்ந்துவந்தால் நாயை விட்டுவிட வேண்டும் என்று 2021இல் புதுப்பிக்கப்பட்ட நாட்டுப்புற நடத்தை விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. மாட்டின் சினம் நாய்மீதே, நாய் மாட்டைவிட விரைவாக ஓடும், அதைக் காக்க முயன்று பிடித்துநிற்கும் மனிதரே மிதிபடுவார். மருளும் நாயை வளர்ப்பவருக்கு இந்த அறிவுரை பெருந்துயரமாகத் தோன்றுவது இயல்பு, ஏனெனில் விடப்பட்ட அந்த நாய் அழைத்தால் திரும்பிவராது என்பதும், சாலையை நோக்கி ஓடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் அந்த நொடியில் மாற்றுவழி ஏதும் இல்லை. வாரைப் பற்றியிருப்பதால் இருவருமே சிக்கிக்கொள்வர். இந்த இக்கட்டான தேர்வைத் தவிர்க்கத் தக்க ஒரே இடம் வேலிக்கதவுக்கு வெளிப்புறம் என்பதால்தான் மேலே நுழைவுக்கு முந்திய ஆய்வு அத்துணை வலியுறுத்தப்பட்டது. வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் கைவிடத்தக்கது; விட வேண்டிய நேரத்தில் விட முடியாமல் போகும்.

நடைக்குப் பின்

விடுபட்ட நாயைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தினால் அது மேலும் ஓடும். முதலில் நடப்பவர் வயலைவிட்டு வெளியேறித் தம்மைக் காத்துக்கொண்டு, நாய் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு அருகே பாதுகாப்பான ஓரிடத்தில் பக்கவாட்டில் அமர்ந்து, வழக்கமான தாழ்குரலில் பேசிக்கொண்டிருப்பது பலன் தரும். தாம் அணிந்த மேலாடையை அங்கே விட்டுவைப்பதும் நாய் மணம் பற்றித் திரும்பிவர உதவும். அண்மையிலுள்ள பண்ணைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்: உழவர் துப்பாக்கியை எடுப்பதற்கு முன் அந்த நாய் யாருடையது, ஏன் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், மந்தையையும் அவரால் உடனே பார்க்க முடியும். ஆடு கடிபட்டிருந்தால் கம்பளி மூடிய சிறு காயமும் சீழ்பிடித்து உயிரைக் கவரக்கூடும் என்பதால், மறைக்காமல் உரிமையாளருக்கும் காவல்துறைக்கும் அறிவிப்பது கடமை.

நாயின் கழிவை மேய்ச்சல் நிலத்தில் விட்டுச்செல்லாமல் பையில் எடுத்துவர வேண்டும் என்ற விதிக்குத் தூய்மையினும் ஆழமான காரணம் உண்டு. நியோஸ்போரா கேனினம் எனும் ஒட்டுண்ணி நாயின் குடலில் பெருகிக் கழிவோடு வெளியேறிப் புல்வழியே பசுவை அடைந்து கன்றுவீச்சை உண்டாக்குகிறது. நோயுற்ற பசு கருவிலேயே கன்றுக்கும் அதைக் கடத்திவிடும். ஈன்ற வயலில் கிடக்கும் நஞ்சுக்கொடியை உண்ணும் நாய்க்கும் அது தொற்றும். அவ்வாறே, குடற்புழு நீக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆடு, குதிரை ஆகியவற்றின் சாணத்தை நாய் தின்ன விடக்கூடாது. ஐவர்மெக்டின் எனும் மருந்து, குறிப்பிட்ட மரபணு மாற்றமுள்ள கோலி இன நாய்களின் மூளைக்குள் நுழைந்து நஞ்சாகிறது. இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை, பெரணிப் புதர்களினூடே நடந்த நாளில், காதோரம், கக்கம், விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி பற்றியுள்ளதா என்று வீடு திரும்பியதும் பார்த்து, அதற்குரிய கொக்கியால் திருகி எடுப்பது லைம் நோயிலிருந்து நாயைக் காக்கும்.

பெரும் அதிர்ச்சிக்குப் பின் நாயின் உடல் அமைதிநிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் போதாது. சில நாட்களுக்கு மேய்ச்சல் நிலத்தையே நாடாமல், நன்கு பழகிய தெருவிலும் தோப்பிலும் மட்டும் நடத்தி, உறக்கமும் உணவும் சீரானதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மீண்டும் தொடங்கும்போது அதிர்ச்சி நேர்ந்த அதே வயலையோ அதே வகை விலங்கையோ முதலில் தேர்ந்தெடுக்காமல், வேறொரு வழியில், வேலிக்கு வெளியே, முன்பு பொறுத்துக்கொண்ட தொலைவைப் போல இருமடங்கு விலகிநின்று தொடங்குவது முறையாகும்.